மணலில் படுத்துப் பாடிய நாடகம்

கடற்கரையில் பலர் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஒருவர் புத்தகம் படிக்கிறார். குழந்தைகள் மணலில் விளையாடுகிறார்கள். திடீரென்று, படுத்தபடியே ஒருவர் பாடத் தொடங்குகிறார்! ஆனால் அங்கே கடலும் இல்லை, சூரியனும் இல்லை. கட்டடத்துக்குள் மணலைக் கொட்டி, விளக்கொளியில் அமைத்த கடற்கரை அது. மக்கள் மாடியில் நின்று கீழே எட்டிப் பார்க்கிறார்கள்.

2019-இல் இத்தாலியின் வெனிஸ் நகரக் கலை விழாவில் லித்துவேனியா நாட்டினர் நடத்திய ‘சூரியனும் கடலும்’ என்ற ஆப்பரா இது. ஆப்பரா என்றால் உரையாடலையும் பாட்டாகவே பாடி நடிக்கும் இசை நாடகம். இதைப் படைத்தவர்கள் மூன்று பெண்கள்: பாடல்களை எழுதியவர் வைவா கிரைனீத்தே, இசை அமைத்தவர் லினா லாபெலீத்தே, இயக்கியவர் ருகிலே பர்ஜுகைத்தே. விழாவின் உயர்ந்த பரிசான ‘தங்கச் சிங்கம்’ இதற்குக் கிடைத்தது.

அவர்கள் எதைப் பற்றிப் பாடினார்கள்? வெயில், விடுமுறை, விமானப் பயணம் என்று சாதாரணப் பேச்சுதான். ஒரு தாய், தன் மகன் பல கடல்களில் நீந்திவிட்டான் என்று பெருமைப்படுகிறாள். இரட்டைச் சகோதரிகளோ, பவளப் பாறைகள் அழிந்துவிடும் என்று அறிந்து அழுததைச் சொல்கிறார்கள்.

பவளப் பாறை ஏன் அழிய வேண்டும்? பவள உயிரியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அதற்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைத் தயாரித்துத் தருபவை அவைதாம். நிறம் தருபவையும் அவைதாம். கோடைக்கால வழக்கத்தைவிடக் கடல்நீர் 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறிச் சில வாரங்கள் நீடித்தால், பவள உயிரி இந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. பவளம் வெளுக்கிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியால் மடிகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெருமளவில் வெளுப்பு ஏற்பட்டது.

சூடேறும் கடல் இன்னொன்றும் செய்கிறது: விரிவடைகிறது. பனிப்பாறைகள் உருகிவரும் நீரும் சேர, கடல்மட்டம் உயர்கிறது. நீங்களே சோதித்துப் பாருங்களேன்! சிறு கண்ணாடிப் புட்டியில் வண்ண நீரை விளிம்புவரை நிரப்புங்கள். துளையிட்ட தக்கையில் உறிஞ்சு குழாயைச் செருகி இறுக மூடுங்கள். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வையுங்கள். குழாயில் நீர் மெல்ல ஏறும். சூட்டில் புட்டியும் சிறிது விரிவதால், முதலில் ஒரு கணம் நீர் இறங்கக்கூடும், ஏமாந்துவிடாதீர்கள்!

வெனிஸ் நகரமே இத்தகைய குழாய்தான். கடல் உயர்கிறது, நகரத்தின் தரையும் சிறிது தாழ்ந்துள்ளது. அதே 2019-ஆம் ஆண்டு, விழா முடிவதற்குள், நவம்பர் 12-ஆம் நாள் பலத்த காற்றும் கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, நீர் 187 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறியது. 1966-க்குப் பின் அவ்வளவு வெள்ளத்தை அந்நகரம் கண்டதில்லை. 2020 அக்டோபரிலிருந்து, கடல் ஏறும்போது 78 இரும்புக் கதவுகளை எழுப்பி அதைத் தடுத்து வருகிறார்கள்.

கதவுகள் நகரத்தைக் காக்கலாம். பவளத்துக்கு ஏது கதவு? கரியமில வாயுவைக் குறைப்பது ஒன்றே அதற்குக் காவல். மணலில் படுத்திருந்தவர்களைப் போல நாமும் கண்ணயர்ந்து கிடக்கலாமா?