வாடகைக்கு விட்ட வீடு

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு. வெண்ணாறு அங்கேதான் பாமணியாறு, கோரையாறு என்னும் கிளைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மேலே செல்கிறது. பயிர் வாடுகிறது என்பதற்காக எந்த மிராசுதாரரும் தாமே சென்று அங்குள்ள மதகைத் திறந்துவிட முடியாது. தண்ணீரில் அவருக்குப் பாத்தியதை இருக்கலாம். ஆனால் மதகைத் தூக்கும் அதிகாரம் சர்க்கார் ஊழியருடையது. வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்பப் பெறும் விஷயமும் ஏறக்குறைய இத்தகையதே. இதை அறியாமல் நல்ல மனிதர்களும் சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். வளைகுடா நாடொன்றில் நெடுங்காலம் உழைத்துவிட்டு ஊரோடு இருந்துவிடலாம் என்று திரும்பியவர். அவருடைய தகப்பனார் காலத்தில் வாய்ப்பேச்சாகவே வாடகைக்கு விடப்பட்ட ஓட்டு வீட்டில், கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்யும் ஒருவர் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருந்தார். அவரும் என் மாணவரே.

“சார், என் வீடு எனக்கு வேண்டும். கேட்டால் இன்று நாளை என்கிறான். அவர்கள் கல்யாணத்திற்கு வெளியூர் போகும் சமயம் பார்த்து இன்னொரு பூட்டைப் போட்டுவிடலாமா?” என்றார்.

“போடலாம். ஆனால் அந்தப் பூட்டைக் கோர்ட்டு திறக்கும்போது நீ வெளியே நிற்பாய்” என்றேன்.

அவர் நம்பவில்லை. சொந்தக்காரன் சொந்த வீட்டைப் பூட்டுவது குற்றமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில் 6-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவரை அவருடைய சம்மதமின்றியும் சட்ட வழியல்லாத வழியிலும் வீட்டைவிட்டு வெளியேற்றினால், அவர் ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் உள்ளே போகலாம். வீடு யாருடையது என்னும் கேள்வி அந்த வழக்கில் எழுவதே இல்லை. யார் குடியிருந்தார், எப்படி வெளியேற்றப்பட்டார் என்பவை மட்டுமே விசாரிக்கப்படும். வெளியேற்றியவர் வீட்டுக்காரரே ஆனாலும் முதலில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகுதான் தம் பாத்தியதையைச் சொல்லி வழக்காட வேண்டும். மின்சாரத்தைத் துண்டிப்பது, கிணற்றடிக்குப் போகும் வழியை அடைப்பது போன்ற உபாயங்களும் பலிக்கமாட்டா. பழைய வாடகைச் சட்டமும் அவற்றைத் தடுத்தது; இப்போதுள்ள சட்டமும் தடுக்கிறது.

சரி, நோட்டீஸ் கொடுத்தால்? 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வீட்டு வாடகை மாதத்துக்கு மாதம் நடப்பதாகக் கருதப்படும். பதினைந்து நாள் நோட்டீஸில் அதை முடித்துவிடலாம். ஆனால் நோட்டீஸ் முடிப்பது வாடகை உறவைத்தான். வீட்டை அது காலி செய்து கொடுப்பதில்லை. குடித்தனக்காரர் நகராவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே வேறொரு சட்டம் காத்திருக்கும்.

அந்தச் சட்டத்தின் வரலாறு இரண்டாம் உலக யுத்தத்தில் தொடங்குகிறது. பட்டணங்களில் வீடு கிடைப்பது அரிதாகி வாடகை ஏறிக்கொண்டே போனபோது, சென்னை மாகாண சர்க்கார் வாடகைக்கு வரம்பு கட்டி உத்தரவுகள் பிறப்பித்தது. யுத்தம் முடிந்தும் நெருக்கடி தீரவில்லை. ஆகவே 1946-இல் ஒரு சட்டமும், 1949-இல் மற்றொன்றும், பின்னர் 1960-இல் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமும் வந்தன. இந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டமே சுமார் அறுபது ஆண்டுகள் தமிழ்நாட்டு வீட்டுக்காரர்களையும் குடித்தனக்காரர்களையும் ஆண்டது.

அது வீட்டுக்காரரை நோக்கிக் கேட்ட கேள்வி ஒன்றே: உமக்கு வீடு எதற்கு? வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைப் பாழாக்குதல், வீட்டுக்காரரின் பாத்தியதையையே மறுத்தல் முதலிய காரணங்களில் ஏதேனும் ஒன்றை அவர் மெய்ப்பித்தாக வேண்டும். தாமே குடியேற விரும்பினால், அவ்வூரில் தமக்குச் சொந்தமான வேறு வீட்டில் குடியிராதவராக இருக்க வேண்டும். அத்தேவை மனமறிந்த மெய்யாகவும் இருக்க வேண்டும். சட்டம் இயற்றியவர்கள் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவர்கள். சொந்தத் தேவை என்று சொல்லி வீட்டைப் பெற்றவர் ஒரு மாதத்திற்குள் குடியேறாவிட்டாலும், குடியேறித் தகுந்த காரணமின்றி ஆறு மாதத்திற்குள் விட்டுப் போனாலும், வெளியேற்றப்பட்டவர் மீண்டும் அந்த வீட்டைக் கேட்டு மனுச் செய்யலாம் என்று எழுதி வைத்தார்கள். அதிக வாடகைக்கு ஆள் பார்த்துக்கொண்டு, மகனுக்குக் கல்யாணம் என்று கதை சொல்பவர்களுக்காக வைத்த கண்ணி அது.

வாடகை பாக்கியிலும் நுட்பம் உண்டு. ஒரு மாதம் தவறிவிட்டால் உடனே பெட்டியைத் தூக்கி வெளியே வைக்க இயலாது. தவறியது ‘வேண்டுமென்றே’ தானா என்பதே கேள்வி. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் கேட்ட பிறகும் செலுத்தாதவர் வேண்டுமென்றே தவறியவர் என்று 1973-இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. அதன் பொருள் என்ன என்று வழக்குகள் பெருகி, 1985-இல் சுந்தரம் பிள்ளை – பட்டாபிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு, 1979-இல், தனபால் செட்டியார் – யசோதை அம்மாள் வழக்கில் ஏழு நீதிபதிகள் கூடி இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். வாடகைச் சட்டத்தின்கீழ் வெளியேற்றக் கேட்பவர், 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படியான நோட்டீஸையும் கொடுத்தாக வேண்டுமா? வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. ஒப்பந்தம் முடிந்தாலும் காரணம் காட்டாமல் வீடு கிடைக்கப்போவதில்லை என்றான பின், அந்த நோட்டீஸால் பயன் என்ன? இவ்விரண்டு வழக்குகளும் நம் மாநிலத்திலிருந்து போனவை.

இச்சட்டம் எளியவர்களுக்கு நிழல் தந்தது உண்மை. வழக்குகள் வாய்தா வாய்தாவாக நீண்டு, தகப்பன் தொடுத்த வழக்கில் மகன் தீர்ப்பு வாங்கியதும் உண்மை. பயந்துபோய் வீட்டைப் பூட்டியே வைத்தவர்களும் உண்டு. பூட்டிய ஓட்டு வீட்டை நம் பக்கத்து மழை இரண்டு ஐப்பசிக்கு மேல் விட்டுவைப்பதில்லை.

எனவே 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் புதிய சட்டமொன்றை இயற்றியது. நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் அச்சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது. புதிய சட்டம் முதலில் கேட்பது, பத்திரம் எங்கே என்பதை. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாய்ப்பேச்சில் நடந்துவந்த பழைய குடித்தனங்களுக்கும் எழுதிக்கொள்ளக் கெடு கொடுத்தார்கள்; பின்னர் அதை நீட்டித்தார்கள். இரு தரப்பாரும் அவ்வாறு எழுதிக்கொள்ளத் தவறினால், அதுவே வீட்டைத் திரும்பக் கேட்பதற்கு ஒரு காரணமாகும். இரண்டு மாத வாடகை நிலுவையாகி, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்திற்குள் வட்டியுடன் செலுத்தாவிட்டால் அது இன்னொரு காரணம். அனுமதியின்றிப் பிறரிடம் ஒப்படைத்தல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்தல் முதலியனவும் உண்டு. மனுவை விசாரிப்பது வாடகை நீதிமன்றம்; மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்தில்.

கோயில், மடம் முதலியவற்றின் கட்டடங்கள் இச்சட்டத்தில் அடங்கா. நம் ஜில்லாவில் அடிமனை கோயிலுக்கும் மேல்கட்டடம் குடியிருப்பவருக்கும் என்றுள்ள வீடுகள் ஏராளம். அவர்கள் கதை வேறு. இன்று அதற்குள் நான் போகவில்லை. பண்ணையில் உழைத்தவர்களின் குடியிருப்பு மனைகளும் இதில் சேரமாட்டா. 1971-இல் இயற்றிய சட்டத்தால், குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கே அவை சொந்தமாகிவிட்டன. அங்கே திரும்பப் பெறுவதற்கு மிராசுதாரருக்கு எதுவும் மிஞ்சவில்லை; அது சரியென்பதே என் எண்ணம்.

என் மாணவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் இரண்டு மாதம் வாடகையை வாங்காமல் இருந்துவிடுகிறேன். பாக்கி என்றாகிவிடும் அல்லவா?” என்றார். வகுப்பில் கணக்கை மாற்றிப் போட்டு விடையை மட்டும் சரியாக எழுதும் பிள்ளை அவர்! வீட்டுக்காரர் வாங்க மறுத்த வாடகையை உரிய அதிகாரியிடம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கக் குடித்தனக்காரருக்கு வழியுண்டு என்று விளக்கினேன்.

மறுநாள் மளிகைக்காரரையும் அழைத்துவரச் சொன்னேன். அவர் ரசீதுக் கட்டோடு வந்தார். “சார், ஒரு மாதம் பாக்கி கிடையாது. பையன் பத்தாம் வகுப்பு. இப்போது எங்கே போவேன்?” என்றார். மற்றவரோ, “அம்மாவுக்கு எண்பது வயசு சார். தன் வீட்டில் கண்ணை மூட வேண்டும் என்கிறாள்” என்றார். இரண்டும் மெய். கோர்ட்டுக்குப் போனால் இரண்டில் ஒன்று தோற்கும். அதற்குள் அந்த அம்மாளும் இராமல் போகலாம்.

ஒரு வக்கீலை வைத்து ஒப்பந்தம் எழுதினோம். அதுவரை இல்லாத பத்திரம் அன்றுதான் பிறந்தது. வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, பொதுத் தேர்வு முடிந்தபின் எந்தத் தேதியில் சுவாதீனம் ஒப்படைப்பது என்பன எல்லாம் அதில் இருந்தன. முறைப்படி பதிவும் செய்தார்கள்.

குறித்த தேதிக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வீடு காலியாயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டுக்காரர் என் திண்ணைக்கு வந்து புலம்பினார். பூட்டு மட்டும் வாங்கவில்லை. காலி செய்த அன்று மின்கட்டணத்தைக் கழித்து மீதி முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார். சாவி பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீதும், பணம் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீதும் எழுதிக்கொண்டார்கள். இரண்டிலும் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.