போயிட்டு வர்றேன் சார்!

ராஜினாமா கடிதத்தில் மானேஜரின் வண்டவாளத்தை எல்லாம் எழுத எனக்கும் கை அரித்தது. எழுதியது என்னவோ இரண்டே வரி: வேலையை விடுகிறேன், கடைசி நாள் இன்னது. (ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்துப் போடப் போவது அதே மகானுபாவர்தானே!)

அதைக் கொடுக்கும் முன்பே கணக்கும் பார்த்தேன். 10 பேராவது வேலை பார்க்கிற இடத்தில், நிரந்தர ஊழியர் 5 வருஷம் முடித்தால் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் கிராஜுவிட்டி. எனக்கு அரை வருஷம் பாக்கி. "பல்லைக் கடிச்சுக்கோங்க" என்றாள் மனைவி. கடித்தேன்.

நோட்டீஸ் மாசத்தில், எந்த பீரோவில் எந்த ஃபைல், எந்தப் பார்ட்டி செக் கொடுத்துவிட்டு "நாளைக்குப் போடுங்க" என்பார், எல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் புதுப் பையனிடம் கொடுத்தேன். கடைசி நாள் மானேஜர் தன் காசில் காபி வாங்கித் தந்தார். ஆபீஸே திகைத்தது!

பையன் இப்பவும் போன் பண்றான். "சார், அந்த நோட்டு எந்த பீரோவுல சார்?"