தறியும் சில்லும்

அருப்புக்கோட்டை முதல் திருச்சுழி வரை பரந்து கிடக்கும் நிலம் வானம் பார்த்த பூமி என்பதை நம்மவர் அறிவர். மழை பொய்த்த ஆண்டுகளிலும் தறி கைவிடாது என்னும் துணிவே அருப்புக்கோட்டையில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கி வந்துள்ளது. நூலும் சாயமும் எவர்க்கும் விலைக்குக் கிடைக்கும். சேலையின் கரையிலும் முந்தியிலும் புதியதொரு கோலத்தைக் காணும் கற்பனையோ விலைக்கு வாராது. அதுவே நெசவாளரின் முதல். அம்முதலைப் பிறர் கவர்ந்து கொண்டால் சட்டம் காக்குமோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு பொருளில் கண்ணுக்குப் புலனாகும் வடிவம், கோலம், அலங்காரம், வண்ணச் சேர்க்கை ஆகியவற்றையே சட்டம் உருவமைப்பு என்கிறது. பொருள் வேலை செய்யும் முறை இதனுள் அடங்காது. நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் பிறந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், 2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உருவமைப்புச் சட்டம் 2001 மே மாதம் 11-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்தவருக்கு 10 ஆண்டு உரிமை உண்டு. வேண்டினால் மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

ஆயின் இதில் ஒரு நிபந்தனை உண்டு. உருவமைப்பு புதியதாயிருத்தல் வேண்டும். விண்ணப்பத்திற்கு முன் கடைவீதியில் விற்பனைக்கு வைத்த சேலையின் கோலம் புதுமை இழந்ததாகும். நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் காட்டியதையும், துணியின் புதுக்கோலத்திற்கு இரகசியமாகப் பெற்ற முதல் ஆர்டரையும் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. இவ்விலக்கை அறிந்த நெசவாளர் எத்துணைப் பேர்?

"நான் வரைந்த படம், பதிப்புரிமை எனக்கே உண்டு" எனச் சிலர் அமைதி கொள்வர். அது பிழை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, பதிவு செய்யத்தக்க உருவமைப்பைப் பதியாது விட்டு, அதனைத் தாங்கிய பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உண்டாக்கினால் அவ்வுரிமை ஒழிந்துபோம். மெத்தைத் துணிகளின் கோலம் பற்றி மைக்ரோஃபைபர்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி தொடுத்த வழக்கில், 2009-இல் டெல்லி உயர்நீதிமன்றம் இவ்விதியைக் கொண்டே கம்பெனியின் கோரிக்கையை மறுத்தது. பெருங் கம்பெனிக்கே இந்நிலை எனின், ஐம்பத்தோராம் சேலையை நெய்யும் ஏழைக்கு வேறென் செய்வது?

இனி, நகத்தினுஞ் சிறிய சில்லைக் காண்போம். அதனுள் எண்ணிறந்த மின்னுறுப்புகள் ஒழுங்குபட அமைந்துள்ளன. அவ்வமைப்பு வெளிப்பார்வைக்குப் புலனாகாது; ஆதலின் உருவமைப்புச் சட்டம் அதற்குப் பொருந்தவில்லை. 1984-இல் அமெரிக்கா இதற்கெனத் தனிச்சட்டம் செய்தது. நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டில் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படியும் உரிமை 10 ஆண்டே. ஆயினும், சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டு கடவாத சில்லின் அமைப்பையும் பதியலாம் என்று அச்சட்டம் இடந் தருகிறது. சில்லுக்குக் கிடைத்த அந்த அவகாசம் சேலைக்கு அளிக்கப்படவில்லை.

மதுரைச் சுங்குடிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரையும் தொழிலின் மரபையும் காப்பது. ஒருவர் நேற்றுக் கண்ட புதுக்கோலத்தை அது காவாது.

ஆகவே, தறி ஒலிக்கும் வீடுகளிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இச்செய்தியைத் தந்தையர்க்கும் தாயர்க்கும் எடுத்துரைமின். விண்ணப்பம் எழுதுதல் நம் கல்விக்கு எளிது. முதலிற் பதிவு, பின்னரே கடைவீதி: இவ்வொழுங்கைப் பேணினால் உழைத்தவர் கற்பனை உழைத்தவர்க்கே பயன்படும்.