அழகெழுத்துப் படங்களும் இணையத் தமிழும்

தமிழ் இணையப் பக்கங்களில் தலைப்புகளை அழகெழுத்துப் படங்களாக அமைக்கும் வழக்கம் 1990களில் பரவியது. அதன் காரணத்தையும் விளைவையும் தமிழாசிரியர் நோக்கில் இங்கு விளக்க விழைகின்றோம்.

அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் திஸ்கி, டாப் முதலிய 8 பிட் குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. படிப்பவர் கணினியில் உரிய எழுத்துரு இல்லையெனில் பொருளற்ற குறிகளே தோன்றின. 1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 ஆகிய உலாவிகள் எழுத்துருவைப் பக்கத்துடன் சேர்த்து அனுப்ப வழிசெய்தன. ஆயினும், அவை இருவேறு கோப்பு முறைகளைக் கையாண்டதால் ஒன்றுக்கென அமைத்த பக்கம் மற்றொன்றில் சிதைந்தது. படமோ எவ்வுலாவியிலும் ஒரே வடிவில் தோன்றியது. எனவே, அது அன்றைய நிலையில் அறிவார்ந்த தீர்வே எனலாம்.

ஆனால், படத்தில் இருப்பது எழுத்தன்று, எழுத்தின் தோற்றமே. திஸ்கியில் தட்டச்சு செய்த உரையை மாற்றி நிரல் கொண்டு ஒருங்குறிக்குக் கொணர இயலும். படமாக்கிய தலைப்பை அவ்வாறு மாற்ற இயலாது. தேடுபொறியும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதனை நேரடியாகப் படிப்பதில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஆசிரியர் சிலருடன் பழைய பள்ளி மலர் ஒன்றின் இணையப் பதிப்பை ஆராய்ந்தபோது இதனை நேரிற் கண்டோம். மாணவர் கட்டுரைகள் ஒருங்குறிக்கு மாறின. தலைப்புகளும் எழுதியோர் பெயர்களும் படங்களாய் இருந்தமையால் விடுபட்டன.

இன்று இந்நெருக்கடி இல்லை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2012இல் ‘வோஃப்’ என்னும் இணைய எழுத்துரு முறையைத் தரப்படுத்தியது. முதன்மை உலாவிகள் அனைத்தும் அதனை ஏற்கின்றன. வண்ணம், நிழல் போன்ற அணிகளைப் பாணித்தாள் வழியே ஒருங்குறி எழுத்தின் மீதே ஏற்றலாம். ஓர் உலாவி அவ்வணியைக் காட்டாவிடினும் சொல் எஞ்சும்.

பழைய படங்களை அகற்ற வேண்டுவதில்லை. ஒவ்வொன்றின் மாற்றுரையிலும் அதிலுள்ள சொற்களை ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் போதும். நம் நாட்டுத் தமிழ்ப் படைப்புகளின் தலைப்புகளும் படைப்பாளர் பெயர்களும் நாளைய ஆய்வாளர்க்குக் கிட்ட, மாணவர் துணையுடன் இப்பணியைப் பள்ளிதோறும் தொடங்கலாம்.