பந்தயக் காருக்கு எத்தனை வோல்ட்?



லயன் வீடுகளுக்கு மின்சாரம் வராத காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அன்று கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைக் கார் பேட்டரியில்தான் ஓட்டினோம். படம் நான்கு பக்கமும் சுருங்கத் தொடங்கினால் பேட்டரி இறங்கிவிட்டது என்று பொருள். மறுநாள் அதைச் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து வருவோம். அந்தப் பழைய அனுபவம் இன்று நம் பிள்ளைகளுக்கு வேறொரு வகையில் பயன்படுகிறது.

சுங்காய்ப் பக்கத்து இளைஞர்கள் சிலர் கார்ப் பட்டறைகளில் தொழில் கற்றுக்கொண்டு, பழைய புரோட்டோன் சாகாவை வாங்கி, 'டிராக்' பந்தயத்துக்கு ஆயத்தம் செய்கிறார்கள். நேரான பாதையில், நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது ஏறக்குறைய 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடப்பது என்பதே இப்போட்டி. 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் பந்தயத் தடத்தின் நேர்ப்பாதையிலும் இத்தகைய போட்டிகள் நடந்துள்ளன.

நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் இப்படி ஒரு காரைச் செய்தான். தந்தையார் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி அதில் போயிற்று. 16 வோல்ட் பேட்டரி நல்லது என்று கேள்விப்பட்டு அதை வாங்கினான். ஓட்டிப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த 12 வோல்ட் சார்ஜரை இரவு முழுவதும் மாட்டி வைத்தான். மறுநாள் பந்தயத் திடலில் முதல் ஓட்டம் சரியாக இருந்தது. இரண்டாவதில் எஞ்சின் திக்கியது. மூன்றாவதற்கு வண்டி உயிர் பெறவே இல்லை. "சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததே, சார்!" என்று நம்மிடம் வந்து வருந்தினான். பச்சை விளக்கு எரிந்தும் பேட்டரி ஏன் நிறையவில்லை? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். மேட்டில் உள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து பள்ளத்தில் உள்ள தொட்டிக்குத் தண்ணீர் தானே ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓடாது. சார்ஜர் மேட்டுத் தொட்டியாக இருந்தால்தான் பேட்டரி நிறையும்.

ஈய அமிலப் பேட்டரிக்குள் பல அறைகள் உண்டு. நிறைந்த நிலையில் ஓர் அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆறு அறைகள் சேர்ந்தால் 12.6 வோல்ட். இதைத்தான் நாம் 12 வோல்ட் பேட்டரி என்கிறோம். எட்டு அறைகள் சேர்ந்தால் 16.8 வோல்ட், அது 16 வோல்ட் பேட்டரி. ஓர் அறையை நிரப்ப ஏறத்தாழ 2.4 வோல்ட் வேண்டும். எனவே ஆறு அறைக்கு 14.4 வோல்ட், எட்டு அறைக்கு 19.2 வோல்ட் தேவை.

நம் மாணவனின் பேட்டரி பாதி இறங்கிய நிலையிலும் 16 வோல்ட்டுக்கு மேல் காட்டியிருக்கும். சார்ஜரோ 14.4 வோல்ட்டுக்கு மேல் தராது. பள்ளத்துத் தொட்டி மேட்டுத் தொட்டியை நிரப்ப முயன்ற கதைதான்! மின்சாரம் ஓடாததைக் கண்ட சார்ஜர், பேட்டரி நிறைந்துவிட்டது என்று கருதிப் பச்சை விளக்கைக் காட்டிவிட்டது. இதற்கு மாறாக, 16 வோல்ட் சார்ஜரை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் பேட்டரி கொதித்து, வீங்கி, வெடிக்கவும் கூடும்.

அப்படியானால் 16 வோல்ட் எதற்கு? சாதாரணக் காரில் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதைச் சுழற்ற எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதி செலவாகும். அந்தச் சக்தியையும் எடையையும் மிச்சப்படுத்தப் பந்தயக்காரர் சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். பிறகு எல்லாச் சுமையும் பேட்டரியின் தலையில்தான். 12 வோல்ட் பேட்டரியானால் ஓட்டத்தின் நடுவிலேயே அழுத்தம் குறைந்துவிடும். அன்று படம் சுருங்கியது போல, இங்கே தீப்பொறி வலுவிழக்கும். பெட்ரோல் பம்ப் மெதுவாகும். பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறினால் பிஸ்டனே உருகலாம். 16 வோல்ட் பேட்டரி உயரத்திலிருந்து தொடங்குவதால், சற்று இறங்கிய பிறகும் போதிய அழுத்தம் மிஞ்சும்.

ஆனால் காரில் உள்ள மற்றப் பொருள்கள் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டுமல்லவா? 14 வோல்ட்டில் எரியும் விளக்குக்கு 16 வோல்ட் கொடுத்தால் வெப்பம் கூடும், விரைவில் எரிந்துபோகும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி 16 வோல்ட்டை ஏற்கும் என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 12 வோல்ட் ஆல்டர்னேட்டரால் 16 வோல்ட் பேட்டரியை நிரப்பவும் முடியாது.

ஆகவே நாம் சொல்லும் முறை இது. கார் சாலையிலும் ஓட வேண்டுமா? 12 வோல்ட்டும் ஆல்டர்னேட்டரும் போதும், பணமும் மிச்சம். திடலில் மட்டும் ஓடுமா, ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டீர்களா? அப்போது 16 வோல்ட்டை எண்ணிப் பார்க்கலாம். பேட்டரி வாங்கும் நாளிலேயே அதற்கென்று செய்த சார்ஜரையும் வாங்க வேண்டும். இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் 16 வோல்ட் வேண்டாம்.

அடுத்து ஒரு சிறு கணக்கு. பம்ப் 15 ஆம்பியர், தீப்பொறிக்கு 10, விசிறிக்கு 15, ஆக 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓட்டத்துக்கு எஞ்சின் 6 நிமிடம் ஓடினால், மணியில் பத்தில் ஒரு பங்கு; 4 ஆம்பியர் மணி செலவு. 10 ஆம்பியர் சார்ஜரை அரை மணி நேரம் மாட்டினால் 5 ஆம்பியர் மணி கிடைக்கும். ஏற்றும்போது சிறிது வீணானாலும் கணக்குச் சரிக்கட்டும். ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டு, 15 ஆம்பியர் விசிறியைக் குளிர்ச்சிக்காக 20 நிமிடம் ஓடவிட்டால் இன்னொரு 5 ஆம்பியர் மணி போய்விடும். பலர் மறப்பது இதைத்தான்.

இப்போது லித்தியம் பேட்டரிகளும் வந்துள்ளன. எடை மிகக் குறைவு. இரும்பு பாஸ்பேட் வகையில் நான்கு அறைகள் 12.8 வோல்ட், ஐந்து அறைகள் 16 வோல்ட். நிரப்ப முறையே 14.6, 18.25 வோல்ட் வேண்டும். இவற்றுக்கும் தனிச் சார்ஜர்தான். வீங்கிய அல்லது அடிபட்ட லித்தியம் பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யாதீர்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஈயப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். எனவே படுக்கையறையிலோ, சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரியும் இடத்திலோ பேட்டரியை வைக்க விடாதீர்கள். காற்றோட்டமான வெளித் திண்ணையே ஏற்றது. முதலில் பேட்டரியில் கம்பிகளை மாட்டி, பிறகு சார்ஜரின் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காரில் பேட்டரியை இறுகப் பொருத்த வேண்டும். 1951-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. பந்தயச் சங்கம், பேட்டரியைப் பின்பக்கத்துக்கு மாற்றிய காரின் வெளிப்புறத்தில், பின்னால், மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும் என்கிறது. விபத்து நேர்ந்தால் ஓட்டுநரைக் காப்பாற்ற ஓடி வருபவர் வெளியிலிருந்தே மின்சாரத்தை நிறுத்தலாம். திடல் எதுவானாலும் பின்பற்றத்தக்க விதி இது.

பிள்ளைகளே, இந்த ஓட்டமெல்லாம் அனுமதி பெற்ற திடலில்தான். தோட்டத்துச் செம்மண் சாலையும் சுங்காயை ஒட்டிச் செல்லும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பந்தயத்துக்கு உரியவை அல்ல. அங்கே போன உயிரை எந்தச் சார்ஜராலும் மீட்க முடியாது.

நம் மாணவன் பின்னர் பொருத்தமான சார்ஜரை வாங்கிக்கொண்டான். இப்போது பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்கு, பேட்டரியின் அறைகளை எண்ணிப் பார்க்கவும் சார்ஜரின் முகப்பில் எழுதியிருப்பதைப் படிக்கவும் அவனே கற்றுக்கொடுக்கிறான். பச்சை விளக்கை மட்டும் நம்பாமல் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். பந்தயத்தில் வென்றாலும் தோற்றாலும் இந்தப் பழக்கம் ஒரு நல்ல தொழிலாளியை உருவாக்கும்.