வேப்பஞ்சருகும் அண்டை வீடும்

ஆங்கிலப் பாடங்களில் இலையுதிர் காலம் என்றாலே அக்டோபர், நவம்பர் மாதங்கள்தாம். அந்த மாதங்களில் நம் பாளையங்கோட்டையிலோ அடைமழை பெய்யும். மரங்கள் பச்சைப் பசேலென்று நிற்கும். தமிழர் வகுத்த ஆறு பருவங்களிலும் இலையுதிர் காலம் என்று தனியே ஒன்று இல்லை. ஆனால் எங்கள் வீட்டு வேம்புக்கு அது உண்டு. மாசி, பங்குனியில் அது இலை கொட்டத் தொடங்கினால் வாரியலுக்கு ஓய்வே கிடையாது.

மரம் ஏன் இலையை உதிர்க்கிறது, தோழியரே? மேலை நாடுகளில் குளிரும், பகற்பொழுது குறைவதும் காரணம். இங்கே காரணம் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நின்றபின் மண் காய்கிறது. இலைகளின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் மரம் தாங்காது. ஊர் மாறிப் போகிறவர்கள் பண்டபாத்திரங்களை முதலில் ஏற்றிவிட்டு வீட்டைக் காலி செய்வதுபோல, இலையிலுள்ள சத்துகளில் ஒரு பகுதியை அது முதலில் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் மெல்லிய பிரிவடுக்கு ஒன்று உண்டாகிறது. அப்புறம் சிறு காற்றே போதும்.

மரத்துக்கு இது சிக்கனம். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இது தலைவலி. எங்கள் வேம்பின் பாதிக் கிளைகள் மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. "நிழல் உங்களுக்கு, குப்பை எங்களுக்கா?" என்று ஆச்சி கேட்பார்கள். ஆச்சியின் மகன் ஒருநாள் சருகையெல்லாம் அள்ளி எங்கள் முற்றத்திலேயே கொட்டிவிட்டார். நாங்களும் சளைக்கவில்லை. சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு மாலை, அதை மதிலோரமாகக் குவித்துத் தீ வைத்தோம். புகை எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அன்றிரவு ஆச்சிக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

சருகுப் புகையில் கார்பன் மோனாக்சைடும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களும் உண்டு. (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்.) அவை மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்பவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. இவை எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தன. முன்பே தெரிந்திருந்தாலும் அன்றைய கோபத்தில் கேட்டிருப்போமா என்பது வேறு கேள்வி.

மரத்தை வெட்டிவிடலாம் என்றார் அப்பா. வேண்டாம் என்றது ஆச்சியேதான். "ஏளா, சித்திரை வெயிலுக்கு நான் எங்க போயி உக்காருவேன்?"

தாமிரபரணிப் பாசன வயல்களில் நடவுக்கு முன் தொழியில் வேம்பு, புங்கம், கொழிஞ்சித் தழைகளை மிதித்துவிடுவது பழைய வழக்கம். காய்ந்த சருகும் மட்கும்; ஆனால் அதில் தழைச்சத்து குறைவாதலால் தனியே போட்டால் நெடுநாள் ஆகும். ஆகவே மதிலோரம் 3 அடி ஆழத்தில் குழி வெட்டினோம். ஒரு சாண் உயரம் சருகு, அதன்மேல் சாணிக் கரைசல், காய்கறித் தோல், மறுபடியும் சருகு. பிழிந்த துணியளவு ஈரம் இருக்க வேண்டும். காய்ந்தால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும், நீர் தேங்கினால் நாறும். 15 நாட்களுக்கு ஒருமுறை கிளறினோம். முதன்முறை கிளறியபோது உள்ளே கை வைக்க முடியாத சூடு! ஆவணியில் கறுப்பான, மண்வாசனை வீசும் உரம் கிடைத்தது. பாதி ஆச்சியின் பிச்சிக் கொடிக்குப் போயிற்று. மகன் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

இந்த ஆண்டு மாசி பிறந்துவிட்டது. ஆச்சி தம் பக்கத்துச் சருகை ஓலைப்பெட்டியில் வாரி, மதில்மேல் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுகிறார்கள். பெட்டியை மட்டும் மறக்காமல் திருப்பித் தர வேண்டுமாம்.