பரம்பரையலகும் ஒரு கட்டியும்

மார்பில் கட்டி தென்பட்டும் மாதக்கணக்காக மறைத்து வைத்திருக்கும் தாய்மாரைக் கிராமங்களில் அடிக்கடி சந்திக்கிறேன். யுத்தத்தில் கணவனை இழந்து, தனியாகப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். பஸ் காசு மட்டும் தடையல்ல. “வெளியில தெரிஞ்சா, பரம்பரை வருத்தம் எண்டு என்ர பிள்ளையை ஆர் கட்டுவினம்?” என்பதே அவர்களின் பயம்.

இந்தப் பயத்துக்கு ஒரு சொல்லும் காரணம் என்று நினைக்கிறேன். எமது பாடப்புத்தகங்கள் ‘ஜீன்’ என்பதைப் பரம்பரையலகு என்கின்றன. புற்றுநோய் பரம்பரையலகில் ஏற்படும் பழுது என்று கேட்டதும், வழிவழியாக வரும் நோய் என்றே மனதில் பதிந்துவிடுகிறது.

உடலிலுள்ள கலங்களைப் பெருகச் சொல்லும் பரம்பரையலகுகள் உண்டு. நில் என்று தடுப்பவையும் உண்டு. தடுப்பவை சைக்கிள் பிரேக் போன்றவை. சைக்கிளுக்கு இரண்டு பிரேக் இருப்பதுபோல், தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். இரண்டும் போனால் கலம் கட்டுப்பாடிழக்கும். குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்து, 1971இல் அமெரிக்க வைத்தியர் அல்பிரட் நட்சன் இதை விளக்கினார். பெரும்பாலும், இவ்வாறான பல பழுதுகள் ஒரே கலத்தில் சேரும்போதே புற்றுநோய் உண்டாகிறது.

இப்பழுதுகளில் அநேகமானவை பிறந்த பின்னர், வயது செல்லச்செல்ல, உடலின் ஏதோவொரு கலத்தில் ஏற்படுபவை. புகையிலையும் அவற்றை உண்டாக்கும் (வெற்றிலையோடு போடுவதும் புகையிலைதான்). அவை பிள்ளைகளுக்குப் போவதில்லை. மார்புப் புற்றுநோயாளர் நூறு பேரில் 5 முதல் 10 பேர் வரையே பிறப்பிலேயே ஒரு பிரேக் பழுதானவர்கள். அப்படியான ‘பிஆர்சிஏ1’ என்ற பரம்பரையலகு 17ஆவது நிறமூர்த்தத்தில் இருப்பதை 1990இல் மேரி கிளயர் கிங் என்ற பெண் விஞ்ஞானி காட்டினார். இந்தப் பழுது தகப்பனிடமிருந்தும் வரலாம். பழி மட்டும் ஏனோ தாய்க்கு! பிள்ளைக்கு அது வருவதும் வராததும் பாதிக்குப் பாதி.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயின் கதை வேறு. கண் புற்றுநோயில் பழுதாகும் அதே பிரேக்கை, இங்கே எச்.பி.வி. என்ற வைரசு முடக்குகிறது. இதற்கான தடுப்பூசி இலங்கையில் 2017 முதல் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்குப் போடப்படுகிறது. பிள்ளையின் பாடசாலையில் சம்மதம் கேட்டால் மறுக்காதீர்கள்.

கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆனால் பரிசோதித்தால்தான் தெரியும். குடும்ப நல உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லுங்கள். சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை இலவசம். தாய்க்கோ, சகோதரிக்கோ, தகப்பன் வழி மாமிக்கோ இளவயதில் இந்நோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.